கோழித் தண்ணீர்

கொட்டகையில் ஒரு கோழி தோல்முட்டை இட்டால் அந்தக் கோழியைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், பார்க்கும் இடமெல்லாம் சிவப்புக் கொண்டைகள். இதில் ஓடில்லாமல் இட்டவள் எவள் என்று எந்த மகராசன் போய்க் கண்டுபிடிப்பது? தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவார்கள். நோஞ்சானும் குடிக்கும், கொழுத்ததும் குடிக்கும். பண்ணை வழக்கம் அது. முட்டைக்காரிக்கு அதைவிட்டால் வேறு வைத்தியம் தெரியாது.

முட்டைக்காரி என்பது தெரு வைத்த பெயர். முட்டை விற்பவள் இல்லை, பண்ணையில் முட்டை பொறுக்கித் தரம் பிரிப்பவள். விடிந்ததும் தள்ளுவண்டியோடு கூண்டுகளுக்கு நடுவே நுழைவாள். மூக்கை எரிக்கும் எச்ச நெடி, காதை அடைக்கும் கொக்கரிப்பு, மேலே பறக்கும் தவிட்டுத் தூசி. இரண்டு கையிலும் மும்மூன்று முட்டையாக எடுத்து அட்டையில் அடுக்குவாள். ஒன்றோடு ஒன்றை லேசாகத் தட்டுவாள். நல்ல முட்டை டிங்கென்று பேசும், கீறல் முட்டை தொண்டை கட்டினவன்போல முனகும். கட்டை விரலால் ஓட்டை ஒரு தடவு தடவினால் போதும், கோழிக்கு வயசாகிவிட்டதா, தீனியில் சுண்ணாம்பு குறைந்ததா, எல்லாம் தெரிந்துவிடும் அவளுக்கு. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. உண்டு என்ன, நிறையவே உண்டு.

அவள் புருஷன் பெயிண்டர். மற்றவர்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே பாதி ஆயுசைக் கழித்தவர். போன மழைக்காலத்தில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். கட்டுப் போட்ட டாக்டர் அப்போதே சொன்னார், வெயில் படாத உடம்பு, வைட்டமின் டி அறவே இல்லை என்று. வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "போதும், இனிமே மாசத்துக்கு ஒண்ணு போட்டாப் போதும்" என்று முடித்துவிட்டார்.

முட்டைக்காரிக்கு அது பொறுக்கவில்லை. மனுஷன் இன்னும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார், கழிவறைக்குப் போக அவள் தோளைப் பிடிக்கிறார். அதற்குள் என்ன போதும்?

"மாசத்துக்கு ஒண்ணாம் மாசத்துக்கு ஒண்ணு! எங்க கோழிக்கே வெயில் காலம் பூரா தினமும் ஊத்துறோம். இந்த மனுஷன் கோழியவிடக் கேவலமாப் போயிட்டாரா?"

பண்ணையில் அந்த மருந்துக் கேன் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். கேனில் பெரிய எழுத்தில் 'டி', அதற்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு கோழியின் படம். டாக்டர் சொன்னதும் டி, இதுவும் டி. இந்த டி டானிக் ஊற்றினால் ஓடு கல்லு மாதிரி ஆவதை அவள் கட்டை விரலே எத்தனை தடவை பார்த்திருக்கிறது. ஒரு நாள் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் காலி இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். தீர்ந்தால் மறுபடியும் கொண்டுவந்தாள்.

வீட்டில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று உண்டு, குடிக்கிற தண்ணீருக்கு. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் டிரம்மை நிரப்பி ஒரு கரண்டி டானிக்கை ஊற்றிக் கலக்கிவிடுவாள். தனியாக ஒரு டம்ளரில் கொடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. கொட்டகைக்குத் தொட்டி, வீட்டுக்கு டிரம்.

"தண்ணி லேசா இனிக்குதேடி" என்றார் பெயிண்டர் முதல் நாள்.

"எங்க பண்ணை டானிக்கு. எலும்புக்கு நல்லது. குடிங்க."

"கோழித் தண்ணியா? அடிப்பாவி, நாளைக்கு நான் முட்டை வச்சா யாரு பொறுக்குறது?"

"நான்தான் பொறுக்கணும். என் தலையெழுத்து அதுதானே."

இருவரும் சிரித்தார்கள்.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பெயிண்டர் தெருமுனை டீக்கடை வரை தடியூன்றி நடந்தார். அவள் இரவில் அவர் முழங்காலை விரல் நுனியால் தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லாயிருக்கு" என்று சான்று கொடுத்தாள். கை கொஞ்சம் தாராளமாயிற்று, ஒரு கரண்டி இரண்டானது. வெயில் ஏறியது. பெயிண்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலம் கட்டிக்கொண்டது. சதா சோர்வு, சதா தாகம். டம்ளர் டம்ளராகக் குடித்தார், குடித்த வேகத்தில் கழிவறைக்கு நடந்தார். சாயங்காலம் அவள் வந்து பார்த்தால் டிரம் காலியாக இருக்கும். தண்ணீர் குடிக்கிற கோழி நோய்க்கோழி ஆகாது என்பது பண்ணைக் கணக்கு. அவள் சந்தோஷமாக மறுபடி நிரப்பினாள்.

வாந்தி தொடங்கியபோது நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

நாத்தனார் பெயிண்டருக்கு அக்கா, தையற்காரி. ஊசி கையில் மட்டும் இல்லை, நாக்கிலும் உண்டு. தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் போட்டாள். தம்பியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"இப்படி எலும்புந்தோலுமா வச்சிருக்கியேம்மா. நீ என்ன பாத்துக்கிட்டே இவன?"

"சாப்பாடு தங்கலைங்க அண்ணி. நான் வேலைக்கும் போயாகணும்."

"வேலைக்குப் போ, யாரு வேணாங்குறா. ஏணியில ஏறுனப்பவே 'ஜாக்கிரதை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த நிலைமை வருமா?"

அண்ணியோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

இரண்டொரு வாரத்தில் பெயிண்டர் பேச்சு குழறத் தொடங்கியது. பகலில் தூங்கினார். சுவரைப் பார்த்து, "இந்தப் பக்கம் இன்னொரு கோட்டு அடிக்கணும்" என்றார். அக்காவைப் பார்த்து "நீங்க யாரு?" என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா இளவயசு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. அதான் வாந்தி, குழப்பம் எல்லாம். கிட்னியும் அடி வாங்கியிருக்கு. வேற என்ன மாத்திரை சாப்பிடுறாரு? கால்சியம், வைட்டமின், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லைங்க. டாக்டர் குடுத்த மாசத்து மாத்திரை மட்டும்தான்."

"அதுல இவ்வளவு ஏறாது. வேற?"

"சத்தியமா வேற மாத்திரை எதுவும் இல்லைங்க."

அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் மாத்திரை, மருந்து என்றால் மருந்து. தண்ணீர் தண்ணீர்தானே. கேட்டவருக்குக் கோழிப்பண்ணை தெரியாது, பதில் சொன்னவளுக்கு ஆஸ்பத்திரி தெரியாது.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால்சியம் இப்படி ஏறுறதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கு. கழுத்துச் சுரப்பியில கோளாறு இருக்கலாம். இல்ல..." என்று ஒரு கணம் நிறுத்தினார். "எலும்புக்குள்ள புத்துநோய் மாதிரி ஏதாவது இருக்கலாம். இருக்குன்னு சொல்லல. பாக்கணும். சில டெஸ்ட் வெளிய அனுப்பியிருக்கோம், வர நாளாகும். அதுக்குள்ள சலைன் ஏத்தி இறக்கப் பாப்போம்."

நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். என் மனுஷன் செத்துப்போயிடுவாரா என்ற ஒரே கேள்விதான் முட்டைக்காரியின் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆஸ்பத்திரித் தண்ணீர் பெயிண்டருக்குப் பிடிக்கவில்லை. மருந்து வாடை அடிக்கிறது என்று துப்பினார். அவள் என்ன செய்வாள்? எலும்பில் நோய் என்று வேறு சொல்லிவிட்டார்கள். எலும்புக்கு இன்னும் பலம் வேண்டாமா? தினமும் காலையில் வீட்டு டிரம்மிலிருந்து பெரிய பிளாஸ்க் நிறையப் பிடித்து, நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுத்தான் பண்ணைக்குப் போனாள்.

ஒரு கையில் சலைன் இறங்கியது. வாய் வழியே பிளாஸ்க் தண்ணீர் இறங்கியது. டாக்டரம்மா ஒவ்வொரு காலையும் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை சலைன் ஏத்தியும் நல்லா இறங்க மாட்டேங்குதே. கொஞ்சம் இறங்குது, திரும்ப ஏறுது."

கட்டிலில் பெயிண்டர் கண்ணைத் திறக்காமலே, "கோழித் தண்ணி குடு" என்றார்.

"என்ன கேக்குறாரு?"

"கோழி சூப்பு கேக்குறான் போலிருக்கு டாக்டர்" என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "சின்னப் பிள்ளைல இருந்தே கோழின்னா உயிரு அவனுக்கு."

"இப்ப எதுவும் வேணாம். நாளைக்குக் காலையில இடுப்பு எலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாக்கப் போறோம். வீட்டுக்காரம்மா வந்து கையெழுத்துப் போடணும். சொல்லிடுங்க."

மறுநாள் காலை முட்டைக்காரி வழக்கம்போல பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, ஒரு சுற்று முட்டை எடுத்து முடித்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பண்ணைக்கு ஓடினாள். ஆள் பற்றாக்குறை. சொல்லாமல் நின்றால் வேலையே போய்விடும்.

முதல் அட்டை நிரம்புவதற்குள் கட்டை விரல் நின்றுவிட்டது. முட்டை ஓட்டில் சொரசொரப்பு. குத்திட்டு நிற்கும் சின்னச் சின்னப் பரு. அடுத்ததை எடுத்தாள், அதிலும் பரு. அந்த வரிசை பூராவும் அப்படித்தான். கூண்டுக்குக் கீழே எச்சம் சேறாகக் கிடந்தது. கோழிகள் குழாய் முனையைக் கொத்திக் கொத்திக் குடித்துக்கொண்டே இருந்தன. கொண்டைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

"அண்ணே, இங்க வந்து பாருங்க!"

சூப்பர்வைசர் வந்து ஒரு முட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த டி டானிக்குதான். காலை ஆளும் ஊத்தியிருக்கான், சாயந்திர ஆளும் ஊத்தியிருக்கான். கோடை தொடங்குனதுல இருந்து ரெண்டு பங்கு போயிருக்கு. கேனு சீக்கிரம் சீக்கிரம் காலியாகுதேன்னு நெனச்சேன், கவனிக்காம விட்டுட்டேன்."

"அது நல்லதுதானேண்ணே? ஓடு கெட்டியாகும்ல?"

"எதும்மா அளவு மீறினா நல்லது? அளவா இருந்தா ஓட்டுக்குப் போகும். மீறிப் போச்சுன்னா ஓட்டுல பரு வரும். இன்னும் மீறினா சுண்ணாம்பு ரத்தத்துல ஏறி கிட்னியப் புடிச்சுக்கும். நேத்து செத்ததுல ரெண்ட இன்னைக்குக் காலையிலதான் கோழி டாக்டர் அறுத்துக் காட்டுனாரு. கிட்னி வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு."

வெள்ளையடித்த மாதிரி. அவள் கையிலிருந்த முட்டை நழுவி உடைந்தது.

"ஏன்ணே... இவ்வளவு தண்ணி குடிக்குதே..."

"குடிக்கும். இந்த மருந்து மிஞ்சினா தாகம் தாங்காது. அந்தத் தண்ணியிலதான மருந்து இருக்கு? குடிக்கக் குடிக்க ஏறும், ஏற ஏறக் குடிக்கும். தொட்டிய இப்பவே தொறந்து விடச் சொல்லியிருக்கேன். ஏம்மா, ஏய், எங்க ஓடுற? வண்டிய நடுவுல விட்டுட்டு!"

அவள் பண்ணை உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையின்றி பால் வண்டிக்காரர் பின்னால் தொற்றிக்கொண்டாள். காலையில் கொடுத்த பிளாஸ்க் இந்நேரம் எவ்வளவு காலியாகியிருக்கும்? சொன்னால் அண்ணி கொன்றே போடுவாள். பண்ணையில் திருடி என்று விரட்டுவார்கள். போலீசுக்குப் போனாலும் போவார்கள். சொல்லாமல் தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டால்? அதுவாகவே இறங்கிவிடாதா? யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடாதா? இந்த எண்ணம் வந்ததற்காக அவள் தன்னையே மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டாள். ஆனாலும் அந்த எண்ணம் இறங்கிப் போகவில்லை, ஆஸ்பத்திரி வாசல் வரை கூடவே வந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது பெயிண்டரை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். இடுப்பில் மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தி, நர்ஸ் தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடி திறந்திருந்தது. நாத்தனார் அதன் மூடியில் தண்ணீர் ஊற்றித் தானே மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? கையெழுத்துப் போடு முதல்ல. இங்க என்ன வெக்கையோ, எனக்கும் நாக்கு வறண்டுபோகுது. உன் வீட்டுக்கு வந்ததுல இருந்தே இப்படித்தான். நேத்து வாந்திகூட வந்துச்சு."

அவ்வளவுதான். மறைக்கலாம் என்று கூடவே வந்த எண்ணம் அந்த இடத்தில் செத்தது. முட்டைக்காரி பாய்ந்து அந்த மூடியைத் தட்டிவிட்டாள். அது தரையில் உருண்டு கட்டில் காலில் மோதியது.

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"குடிக்காதீங்க அண்ணி! அவருக்கும் குடுக்காதீங்க! டாக்டர், ஊசி போடாதீங்க. நான்தான். நான்தான் பண்ணிட்டேன்."

டாக்டரம்மா கையுறையோடு திரும்பினார். "என்ன பண்ணீங்க?"

"தண்ணியில கலந்தேன். எங்க பண்ணையில கோழிக்கு ஊத்துறது. டி டானிக்கு. கோடை தொடங்குறதுக்கு முன்னாடியிருந்து தினமும்... இங்க வந்த பிறகும்... இந்த பிளாஸ்க்குலயும் அதுதான்..."

பக்கத்துக் கட்டில்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டார்.

"நான் கேட்டேனேம்மா" என்றார் டாக்டரம்மா. கோபத்தைவிடக் களைப்புத்தான் அந்தக் குரலில் அதிகம். "எது இருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்டேனே."

"மருந்துன்னு தோணலைங்க. கோழிக்கு ஊத்துறதுன்னுதான்..."

"எவ்வளவு?"

"முதல்ல டிரம்முக்கு ஒரு கரண்டி. அப்புறம் ரெண்டு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி, ஊசித் தட்டை எடுத்துப்போகச் சொன்னார். பாட்டிலையும் கேனிலிருக்கும் லேபிளின் படத்தையும் உடனே கொண்டுவரச் சொன்னார். நாத்தனாருக்கும் முட்டைக்காரிக்கும்கூட அப்போதே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"பிழைச்சுடுவாருங்களா?"

"புத்துநோய்னு பயந்ததுக்கு இது பரவாயில்ல. காரணம் தெரிஞ்சுபோச்சு, அதுக்கேத்த மருந்து குடுக்கலாம். ஆனா இது பி, சி வைட்டமின் மாதிரி ஒண்ணுக்குப் போற வழியில போயிடாது. உடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கும், மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா வெளிய வந்துகிட்டே இருக்கும். கிட்னி எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

முட்டைக்காரி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள், முடியைப் பிடிப்பாள் என்று காத்திருந்தாள். அண்ணி கீழே கிடந்த மூடியை எடுத்து, பிளாஸ்க்கோடு வெளியே கொண்டுபோய், கழுவுதொட்டியில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு வந்து தம்பி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை முட்டைக்காரிக்கு.

சூப்பர்வைசரிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதலாளியிடம் நாளைக்குப் பேசுகிறேன் என்றார்.

அதன்பிறகு வந்த நாட்களில் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒரு தண்டனையாக வந்தது. கால்சியம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. நாத்தனாருக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது, தண்ணீரை மாற்றியதும் சரியாகிவிட்டது. பகலெல்லாம் பண்ணையிலேயே கிடந்து அங்கே ஆட்கள் குடிக்கும் தண்ணீரையே குடித்ததால் முட்டைக்காரியின் ரத்தம் சுத்தமாக இருந்தது. அது அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் பெயிண்டர் கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்து, "எவன் அடிச்ச பெயிண்டு இது? கீறலுக்குப் பட்டியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல" என்று திட்டினார். அன்றைக்குத்தான் அவள் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கிட்னி முழுசா திரும்பல. திரும்பாமலும் போகலாம். வாராவாரம் ரத்தம் பாக்கணும். பாலு, முட்டை எல்லாம் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தி வைங்க. முக்கியமா தண்ணி. நிறையக் குடிக்கணும். தாகம் எடுக்காட்டியும் குடிக்கணும்."

தண்ணீர்! அந்த வார்த்தை முட்டைக்காரியைச் சுட்டது.

வீட்டில் நாத்தனார் டிரம்மைத் தெருவில் வைத்துத் தேய்த்தாள். அன்று தொடங்கி தண்ணீர் அவள் பொறுப்பு. அவளே பிடிப்பாள், அவளே மூடுவாள், அவளே ஊற்றித் தம்பிக்குக் கொடுப்பாள். முட்டைக்காரி அடுப்படிக்குப் போனால் தையல் இயந்திரத்தின் சத்தம் நிற்கும், திரும்பி வந்ததும்தான் மறுபடி ஓடும். இருவருக்கும் நடுவே "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?", "வை" என்பதைத் தவிரப் பேச்சில்லை. முட்டைக்காரி அந்த டிரம்மின் பக்கம் போகவே இல்லை. தாகம் எடுத்தால் பண்ணையில் ஆட்கள் குடிக்கும் குழாயில் போய்க் குடித்தாள். பண்ணையில் அவளை வேலையில் வைத்துக்கொண்டார்கள், மருந்து அறைக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் தெருக்குழாயில் முறைக்கு நின்றிருந்தாள். பெயிண்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணி குடு."

"அண்ணி இப்ப வந்துடுவாங்க."

"அவ வரப்ப வரட்டும். எனக்கு இப்ப வேணும்."

"என் கையால வேணாங்க."

"ஏண்டி, உன் கைய வெட்டியா போட்டுட்டாங்க? ஊத்துடி."

அவள் டிரம்மின் முன் போய் நின்றாள். வெளிச்சத்தில் தெரியட்டும் என்று கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். முதலில் தானே பாதியைக் குடித்தாள். வெறும் தண்ணீர், இனிப்பில்லை. பிறகுதான் அவரிடம் நீட்டினாள்.

பெயிண்டர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "கோழித் தண்ணி இல்லையே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. "என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். இத்தனை நாளும் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்னவள், இதை இவரிடம் இப்போதுதான் சொன்னாள்.

"நானும்தானே சிரிச்சுக்கிட்டே குடிச்சேன்" என்றார் அவர். மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

வாசலில் குடம் தரையில் இறங்கும் சத்தம். நாத்தனார் நின்றிருந்தாள். தம்பியின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள்.

"யாரு குடுத்தா?"

"என் பொண்டாட்டி குடுத்தா."

முட்டைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் உள்ளே வந்தாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். தையல் இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருந்த தன் டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்து."

முட்டைக்காரி ஊற்றினாள். டம்ளர் நிரம்பும் வரை நாத்தனார் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிரம்பியதும் வாங்கிக் குடித்தாள்.